காட்பாடியில் நிற்கும் ரயிலும் கொழும்பில் நிற்கும் கப்பலும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: ஒரு நாட்டுக்குக் கப்பல் தொடர்புகள் கூடக்கூட அதன் வெளிநாட்டு வணிகமும் கூடுகிறது என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் வணிகம் இருப்பதால் கப்பல் வருகிறதா, கப்பல் வருவதால் வணிகம் வளர்கிறதா? கடலே இல்லாத வேலூர்ப் பக்கத்தை வைத்து இதை எழுத முடியுமா? காட்பாடியில் எம்.காம். படிப்பதாகவும், ப்ராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை எடுத்திருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். நான் பொருளாதாரம் முறையாகப் படித்தவன் இல்லை. 27 வருடமாக ஏற்றுமதி ஷிப்பிங் வேலை பார்க்கிறேன். முதல் பாதி ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், அடுத்த பாதி ராணிப்பேட்டையில் மற்ற கம்பெனிகளின் சரக்கைக் கப்பலேற்றிவிடும் ஒரு பார்வர்டிங் ஆபீஸில். ஆய்வுகளை வேலையின் தேவைக்காகப் படித்திருக்கிறேன். அதனால் கண்ணால் பார்த்தது எது, ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னது எது, இன்னும் முடிவாகாதது எது என்று பிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

உங்கள் ஸ்டேஷனிலிருந்தே தொடங்கலாம். ஹவுராவிலிருந்தும் கவுகாத்தியிலிருந்தும் தெற்கே வரும் ரயில்கள் காட்பாடியில் நிற்கின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியான சி.எம்.சி.க்கு வரும் நோயாளிகள் அங்கே இறங்குவார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சரி, அந்த ரயில்கள் நிற்காமல் போயிருந்தால் இவ்வளவு பேர் வந்திருப்பார்களா? சென்னையில் இறங்கி, பெட்டி படுக்கையோடு நோயாளியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வண்டி மாற வேண்டும் என்றால், பாதிப் பேர் சென்னையிலேயே ஒரு ஆஸ்பத்திரியைப் பார்த்திருப்பார்கள். ஆள் வந்ததால் ரயில் நின்றது, ரயில் நின்றதால் இன்னும் ஆள் வந்தது. ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்களில் வங்காள எழுத்தில் லாட்ஜ் போர்டுகள் வந்தது இந்த இரண்டும் சேர்ந்ததால்தான். கப்பலுக்கும் வணிகத்துக்கும் உள்ள உறவு இதே மாதிரிதான். இரண்டு பக்கமும் ஓடுகிறது. உங்கள் கேள்வியின் கஷ்டமே, இரண்டில் எது எவ்வளவு என்று பிரிப்பதில்தான் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கப்பல் என்றால் எல்லாமே ஒரே மாதிரி கிடையாது. கச்சா எண்ணெய், நிலக்கரி, இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள் வாடகை லாரி மாதிரி. சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கே போகும், இறக்கிவிட்டு அடுத்த வாடகையைத் தேடும். அங்கே வணிகம்தான் முன்னால் நடக்கிறது, கப்பல் பின்னால் வருகிறது. இதில் பெரிய விவாதம் இல்லை. கன்டெய்னர் கப்பல்கள் டவுன் பஸ் மாதிரி. குறித்த நாளில், குறித்த தடத்தில், ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் போகும். 'கப்பல் வலைப்பின்னல்' என்று ஆய்வுகள் பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான். உலக வணிகச் சரக்கில் எடைக்கணக்கில் சுமார் 80 சதவீதம் கடல் வழியே போகிறது. இந்தியாவுக்கு அது எடையில் 95, மதிப்பில் 70 சதவீதம் என்று நம் அரசாங்கம் சொல்கிறது. நம் ஜில்லாக்களின் ஷூ, தோல், கைத்தறி எல்லாம் கன்டெய்னரில் போகிறவை. ஆகவே பஸ் தடம் எங்கே போடப்பட்டிருக்கிறது என்பது நமக்கு முக்கியமான கேள்வி.

ஒரு பெட்டியின் பயணத்தைச் சொன்னால் மற்றது எளிதாகப் புரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்பது அடி ஹைகியூப், அதாவது உயரம் கூடிய, கன்டெய்னர் ஒன்று ஆம்பூரில் கம்பெனி வாசலுக்கு வருகிறது. ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை இருக்கிறது, அந்தப் பெட்டி வேண்டாம். கீழே மரப்பலகையைக் கையால் தடவிப் பார்ப்போம், ஈரம் இருக்கக்கூடாது. பிறகு அட்டைப்பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தால் இரவு பத்து மணி ஆகிவிடும். ஆண்கள் ஷூ என்றால் ஐயாயிரம், ஆறாயிரம் ஜோடி உள்ளே போகும். சுவரில் ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டு, கதவைப் பூட்டி, நம்பர் போட்ட போல்ட் சீலை அடித்தால் எங்கள் பங்கு முடிந்தது. வண்டி பள்ளிகொண்டா, வாலாஜா டோல், ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போய் துறைமுகத்தில் வரிசையில் நிற்கும். கட்-ஆஃப் நேரத்துக்குள் கேட்டைத் தாண்டவில்லை என்றால் அந்த வாரக் கப்பல் போய்விட்டது. தாண்டிவிட்டால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் அப்படித்தான் போனேன். கஷ்டமான பாதி அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

சென்னையில் ஏற்றிய பெட்டி பெரும்பாலும் நேரே ஹாம்பர்க்குக்கோ ராட்டர்டாமுக்கோ போவதில்லை. ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ மலேசியாவின் போர்ட் கிளாங்குக்கோ போகும். அங்கே இறக்கி யார்டில் வைப்பார்கள். மதர் வெசல் என்று நாங்கள் சொல்லும் பெரிய கப்பல் வரும்போது அதில் ஏற்றுவார்கள். சென்னையிலிருந்து நேரடிச் சேவைகளும் உண்டு. கிழக்கே சீனா பக்கம் நிறைய. மேற்கே அவ்வப்போது வரும், சில சமயம் நிறுத்திவிடுவார்கள். இதற்குக் காரணம் வரைபடத்தில் இருக்கிறது. ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் பெரிய தடம் மலாக்கா நீரிணையைக் கடந்து, இலங்கையின் தென்முனைக்குக் கீழாக ஓடி, செங்கடலுக்குள் நுழைகிறது. கொழும்பு அந்தத் தடத்திலிருந்து சில மணி நேரம்தான். சென்னைக்கு வருவதென்றால் இலங்கையைச் சுற்றி வடக்கே ஏறி, திரும்ப அதே வழியில் இறங்க வேண்டும். பாக் நீரிணை ஆழமில்லாததால் அதன் வழியே பெரிய கப்பல் போக முடியாது. அதை ஆழப்படுத்தத்தான் 2005இல் சேது சமுத்திரத் திட்டத்தைத் தொடங்கினார்கள், அது முடியவில்லை. இருபதாயிரம் பெட்டிக்கு மேல் சுமக்கும் கப்பலை, சில நூறு பெட்டிக்காக இரண்டு மூன்று நாள் சுற்ற வைக்க எந்த கம்பெனிக்கும் மனம் வராது. காட்பாடி மெயின் லைனில் இருக்கிறது, வேலூர் கண்டோன்மென்ட் பக்கவாட்டு லைனில் இருக்கிறது. கொழும்பு காட்பாடி மாதிரி என்றால், நம் சென்னை வேலூர் கண்டோன்மென்ட் மாதிரி.

இது தனி ஊர்க் குறை இல்லை, உலகமே இப்படித்தான் இயங்குகிறது. நாடுகளை இரண்டிரண்டாக எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு ஜோடிக்குத்தான் நேரடிக் கன்டெய்னர் கப்பல் உண்டு. மற்ற எல்லோரும் நடுவில் எங்காவது மாறியே ஆக வேண்டும். ஐக்கிய நாடுகள் வணிக வளர்ச்சி அமைப்பு, அங்க்டாட் என்று சொல்வார்கள், 2004 முதல் நாடுகளுக்குக் கப்பல் தொடர்புக் குறியீடு ஒன்றை வெளியிடுகிறது. எத்தனை கப்பல் வருகிறது, அவற்றின் கொள்ளளவு என்ன, எத்தனை சேவை, எத்தனை நிறுவனம், வருவதில் மிகப் பெரிய கப்பல் எவ்வளவு பெரியது, நேரடியாக எத்தனை நாடுகளுக்குப் போகலாம் ஆகிய ஆறையும் சேர்த்து ஒரே எண்ணாக்குகிறார்கள். பல வருடமாக முதலிடம் சீனாவுக்குத்தான். இந்த அமைப்போடு தொடர்புடைய ஆய்வாளர்கள் கணக்கிட்டதில், இரண்டு நாடுகளுக்கு நடுவே கப்பல் மாறுவது ஒருமுறை கூடினால் அவற்றுக்கிடையேயான ஏற்றுமதி மதிப்பு சுமார் 40 சதவீதம் குறைவாக இருக்கிறது. 'குறைவாக இருக்கிறது' என்பதைக் கவனியுங்கள், 'அதனால் குறைகிறது' என்று நான் எழுதவில்லை. சரக்கு குறைவான நாடுகளுக்கு நேரடிக் கப்பல் போடமாட்டார்கள், அதனாலும் இந்த எண் இப்படி வரலாம். பொருளாதார அளவு, தூரம், மொழி, வணிக ஒப்பந்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் உறவு நிற்கிறது என்பதுவரை உறுதி. அதற்கு மேல் போனால் எச்சரிக்கை தேவை.

கப்பல் மாறுவதில் அப்படி என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். கட்டணம்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். கப்பல் கட்டணம் 2,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,500 ஜோடிக்குப் பிரித்தால் ஜோடிக்கு 36 சென்ட். இருபது யூரோ ஷூவுக்கு அது பெரிய சுமை இல்லை. கருங்கல் பாளம் ஏற்றுமதி செய்கிறவருக்கு அப்படி இல்லை. எடை அதிகம், விலை குறைவு, கட்டணம் ஏறினால் ஆர்டரே போய்விடும். ஷூவுக்கு வலி நேரத்தில்தான் இருக்கிறது. அமெரிக்க இறக்குமதிகளில் எது விமானத்தில் வந்தது, எது கப்பலில் வந்தது என்று ஒப்பிட்டு இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு கணக்கு சொன்னார்கள். சரக்கு வழியில் கழிக்கும் ஒவ்வொரு நாளும், அதன் மதிப்பில் 0.6 முதல் 2.1 சதவீதம் வரி போட்டதற்குச் சமம் என்று. நம் ஷூவுக்கு எந்த எண் சரியாக வரும் என்பதை அந்தக் கணக்கிலிருந்து நேரே எடுக்க முடியாது. ஆனால் பத்து நாள் தாமதம் என்றால் லாபம் முழுவதும் போகலாம் என்பதை நான் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

ஒரு அக்டோபரில் எங்கள் பெட்டி ஏறிய ஃபீடர், மழை, காற்று, துறைமுகத்தில் கப்பல் கட்ட இடம் (பெர்த்) கிடைக்காதது என்று நான்கு நாள் பிந்திப் போனது. மதர் வெசல் அதற்குள் கிளம்பிவிட்டது. அடுத்த வாரக் கப்பலில் இடமில்லை என்று எங்கள் பெட்டியைத் தள்ளிவிட்டார்கள். பதினாறு நாள் கப்பல் மாறும் துறைமுகத்தின் யார்டில் கிடந்தது. பகலில் வெயில், மாலையில் மழை. பெட்டிக்குள் காற்று சூடாகி, இரவில் குளிர்ந்து, கூரையிலிருந்து துளித்துளியாகச் சொட்டும். நாங்கள் அதைப் பெட்டி வியர்க்கிறது என்று சொல்வோம். வாங்கியவர் கிடங்கில் கதவைத் திறந்து அனுப்பிய போட்டோ இன்னும் என் நினைவில் இருக்கிறது. மேல் வரிசைப் பெட்டிகளில் பழுப்பு ஷூக்களின் மூக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. துடைத்தால் போகும், ஆனால் துடைக்க ஆளும் கூலியும் அங்கத்திய விலையில். அதைவிட மோசம், வசந்த கால விற்பனைக்கான முதல் இரண்டு வாரம் கடையில் அந்த மாடல் இல்லை. அடுத்த ஆர்டரில் பாதியை, நேரடிக் கப்பல் இருக்கும் வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் ஷூவின் தரத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வருடம் ஒரு தையல் லைனை நிறுத்த வேண்டியதாயிற்று. கம்பெனி பஸ்ஸில் பேர்ணாம்பட்டிலிருந்தும் மாதனூரிலிருந்தும் வந்துகொண்டிருந்த பெண்களில் சிலருக்கு வேலை போனது. வலைப்பின்னலில் ஒரு முடிச்சு என்று ஆய்வில் ஒரு வரியில் எழுதுவது தரையில் இப்படித்தான் வந்து இறங்குகிறது.

சரி, காரணம் எது விளைவு எது என்பதற்கு வருகிறேன். இதற்கு நல்ல சாட்சி, வணிகத்தோடு சம்பந்தமில்லாத ஏதோ காரணத்தால் கப்பல் தடம் மாறிய சம்பவங்கள். அவற்றில் சிறந்தது சூயஸ். 1967 ஜூனில் போர் வந்து கால்வாய் மூடப்பட்டது, 1975 ஜூனில்தான் திறந்தார்கள். மும்பையிலிருந்து லண்டனுக்கு ஏறக்குறைய 6,200 கடல் மைலாக இருந்த வழி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதால் 10,700 கடல் மைல் அளவுக்கு நீண்டது. இந்தியாவும் பிரிட்டனும் வணிகம் வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை, வழி மட்டும் மாறியது. அந்த எட்டு வருட விவரங்களை வைத்து ஜேம்ஸ் ஃபைரர் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். வழி நீண்ட ஜோடி நாடுகளுக்கிடையே வணிகம் குறைந்தது, கால்வாய் திறந்ததும் மீண்டது. ஆகவே கப்பல் தடம் வணிகத்தைப் பாதிக்கிறது என்பது நிச்சயம். இன்னொன்றும் அதில் தெரிந்தது. 1962இல் யான் டின்பெர்கன் முன்வைத்த ஈர்ப்பு மாதிரியில், இரு நாட்டு வணிகம் அவற்றின் பொருளாதார அளவைப் பொறுத்துக் கூடும், தூரத்தைப் பொறுத்துக் குறையும். அந்த வழக்கமான கணக்குகள் தூரத்துக்குக் கொடுக்கும் வலிமையில் பாதியோ அதற்கும் குறைவோதான் உண்மையான கடல் வழிக்கு இருந்தது. மீதி, பழக்கம், மொழி, பழைய உறவு போன்ற, தூரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் மற்ற விஷயங்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதே பரிசோதனை நம் கண்முன்னே திரும்ப நடந்தது. 2021 மார்ச்சில் எவர்கிவன் கப்பல் சூயஸில் குறுக்கே சிக்கி ஆறு நாள் அடைத்ததை எல்லோரும் பேசினார்கள், ஆனால் எங்களுக்கு அதைவிடப் பெரிய அடி 2023 டிசம்பரில். செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்தன. ஐரோப்பா பயணத்தில் பத்து முதல் பதினான்கு நாள் கூடியது. தூரம் கூடியதைச் சமாளித்துவிடலாம், தேதியை முன்னால் தள்ளினால் போதும். சமாளிக்க முடியாதது ஒழுங்கு குலைந்ததுதான். கப்பல்கள் வாரம் ஒன்று என்று வருவது நின்று, ஒரு வாரம் ஒன்றும் இல்லை, அடுத்த வாரம் இரண்டு சேர்ந்து என்று வந்தன. இடைமாற்றுத் துறைமுகங்களில் பெட்டி மலையாகக் குவிந்தது. தொடர்புக் குறியீட்டில் இந்த நம்பகம் நேராக இடம்பெறுவதில்லை. எண்ணிக்கையில் தொடர்பு நன்றாகவே தெரியும், சரக்கு மட்டும் யார்டில் கிடக்கும். உங்கள் ப்ராஜெக்டில் இதை ஒரு குறையாகக் கண்டிப்பாக எழுதுங்கள்.

வட ஆற்காட்டின் பழைய கதையும் உங்கள் வாதத்துக்கு உதவும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத்தான் ஓடியது. ராயபுரம் கடற்கரை ஓரம், வாலாஜா ரோடு நம் ஊர். அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும், சரக்கு மசூலா படகில் அலையைத் தாண்டிப் போகும். 1875இல் துறைமுகம் கட்டத் தொடங்கி, 1881 புயலில் அலைதாங்கிச் சுவர் உடைந்து, மறுபடி கட்டினார்கள். நம் டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், பாதி மட்டும் பதனிட்ட அரைப்பதத் தோல், ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று இன்றும் சொல்கிற அந்த வகை, இந்த வழியாகத்தான் லண்டன் ஏலத்துக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்கு அந்தத் தோல் தேவைப்பட்டது. ஆரம்பத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டைதான். பிறகு தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை கப்பலில் வந்தது, ஆவாரை பின்னுக்குப் போனது. ஏற்றுமதிக்குக் கப்பல் இருந்ததால் இறக்குமதி மூலப்பொருளும் வந்தது என்பதற்கு இது நல்ல சான்று. இன்றும் ஒரு ஜோடி ஆம்பூர் ஷூவில் வெளிநாட்டுத் தோலோ கெமிக்கலோ சோலோ ஏதாவது ஒன்று இருக்கும். இறக்குமதித் தொடர்பு கெட்டால் ஏற்றுமதியும் நிற்கும்.

அந்த முதல் ரயில் ஓடி நூறு ஆண்டு கழித்து, 1956 ஏப்ரல் 26 அன்று, மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். டன்னுக்கு 5.86 டாலர் ஆன ஏற்றுக்கூலி 16 சென்ட்டாக இறங்கியது என்பது அவர் தரப்புக் கணக்கு. சென்னையில் கன்டெய்னர் முனையம் 1983இல் வந்தது. ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் பகுதி அரைப்பதத் தோலை விட்டு ஷூவுக்கு மாறியதற்குக் கப்பல் முதல் காரணம் இல்லை. 1970களில் மத்திய அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டு, முழுமையாக்கிய பொருளை அனுப்பச் சொன்னதுதான் அந்தத் திருப்பம். கன்டெய்னர் அந்த மாற்றத்தை எளிதாக்கியது. ஷூவை மரப்பெட்டியில் அடுக்கி மழையில் படகேற்றி அனுப்பியிருக்க முடியாது. கொள்கை எவ்வளவு, கப்பல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் தனி அளவுகோல் இல்லை, யாராவது துல்லியமான சதவீதம் சொன்னால் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள்.

மாணவர்கள் அதிகம் தவறுவது இன்னொரு இடத்தில். கப்பல் நிறைய வந்தால் அந்த நாட்டின் வணிகம் பெரிது என்று எழுதிவிடுகிறார்கள். கொழும்பைப் பாருங்கள். தெற்காசியாவில் மிக நல்ல தொடர்புள்ள துறைமுகங்களில் ஒன்று, வருடத்துக்கு, இருபதடிப் பெட்டிக் கணக்கில், எழுபது லட்சத்துக்கும் மேல் கையாளுகிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இலங்கையின் சரக்கே இல்லை, இறக்கி ஏற்றி அனுப்புகிற பிறர் சரக்கு. அதில் பெரும் பகுதி நம்முடையது. 2022இல் அந்த நாட்டில் டாலர் தீர்ந்து பெட்ரோலுக்கு மக்கள் வரிசையில் நின்றபோதும் கொழும்பில் பெரிய கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. காட்பாடியில் நூறு ரயில் நின்றாலும், அதில் இறங்கி ஊருக்குள் வருகிறவன்தான் ஊருக்கு வருமானம். பிளாட்பாரம் மாறிப் போகிறவன் ஒரு டீ குடித்துவிட்டுப் போவான். அண்மைக்கால வலைப்பின்னல் ஆய்வுகளும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கின்றன. எத்தனை தொடர்பு என்பதைவிட, ஒரு துறைமுகம் தன் பின்னால் இருக்கும் நிலப்பகுதியை உலகத்தின் மற்ற பகுதிகளோடு எவ்வளவு இணைக்கிறது என்பதுதான் வணிகத்தோடு நெருக்கமாகப் போகிறது. அப்படி வாசல் வேலை செய்யும் துறைமுகத்தையும், மாறிப் போகும் ஜங்ஷனையும் நீங்கள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

நம் கையில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். உலகக் கன்டெய்னர் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பத்து நிறுவனங்கள் கையில் இருக்கிறது. அவர்கள் கூட்டணி மாறினால் தடம் மாறும், தடம் மாறினால் ஒரு துறைமுகம் ஒரே இரவில் ஜங்ஷனிலிருந்து பக்கவாட்டு லைனுக்குப் போய்விடும். 2021இல் சீனாவிலிருந்து மேற்கே போகும் சரக்குக்கு விலை ஏறியபோது காலிப்பெட்டிகளை அங்கேதான் அவசரமாகக் கொண்டுபோனார்கள். உலகச் சராசரிக் கட்டணம் நாற்பது அடிப் பெட்டிக்கு 10,000 டாலரைத் தாண்டியது, 2019இல் அது 1,500க்கும் கீழே. எங்களுக்குக் கட்டணம் கொடுக்கத் தயாராக இருந்தாலும் பெட்டி கிடைக்கவில்லை. ராணிப்பேட்டையில் முடிந்த சரக்கைக் கிடங்கில் வைத்துக்கொண்டு, பெட்டி வருமா என்று தினமும் காலையில் போன் போட்டேன். வாங்க ஆள் இருந்தது, விற்கச் சரக்கு இருந்தது, வணிகம் மட்டும் நடக்கவில்லை. கப்பல் வெறும் பின்தொடர்கிற விஷயம்தான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மாதங்கள்தான் ஞாபகம் வரும்.

கேரளாவில் விழிஞ்ஞம் துறைமுகம் வந்துவிட்டதே, இனி மாறுமா என்று உங்கள் கேள்வியின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். 2024 ஜூலையில் அங்கே முதல் பெரிய கன்டெய்னர் கப்பல் வந்தது, 2025 மே 2 அன்று முறையாகத் தொடங்கிவைத்தார்கள். இயற்கையான ஆழம், பெரிய தடத்துக்குப் பக்கத்தில் இடம் இரண்டும் அதற்கு உண்டு. வெளிநாட்டில் மாறிய சரக்கில் ஒரு பகுதி நம் நாட்டிலேயே மாறும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் வேலூர் சரக்குக்கு அது என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. நமக்கு மாறும் இடம் எந்த நாட்டில் இருக்கிறது என்பது முக்கியமில்லை. மாற வேண்டியிருக்கிறதா, மாறினால் எத்தனை நாள், சொன்ன தேதிக்கு நடக்கிறதா என்பதுதான் முக்கியம். சென்னைக்கும் விழிஞ்ஞத்துக்கும் நடுவே தவறாத ஃபீடர் ஓடினால் லாபம். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும் யார்டின் பெயர் மட்டும் மாறும். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றும் சேர்ந்து தங்கள் சரக்கைக் குவித்து ஐரோப்பாவுக்கு நிரந்தரமான நேரடிச் சேவை ஒன்றைப் பிடிப்பதே நம் ஜில்லாக்களுக்கு அதிகம் பயன்தரும் என்று நான் நினைக்கிறேன். இது என் கருத்து, நிரூபித்த முடிவு இல்லை.

ப்ராஜெக்டுக்கு இப்படிச் செய்யலாம். அங்க்டாட் குறியீட்டை இந்தியா முழுமைக்கும் எடுத்து ஏற்றுமதியோடு ஒப்பிட்டால் இரண்டும் ஏறுவது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. துறைமுக வாரியான குறியீடும் அவர்களே வெளியிடுகிறார்கள், சென்னையைத் தனியாக எடுங்கள். அப்புறம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் நான்கைந்து கம்பெனிகளின் ஷிப்பிங் செக்ஷனுக்குப் போய், 2023 ஜூன் முதல் 2024 ஜூன் வரையிலான பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீது) நகல்களையும், பெட்டி எங்கே போனது என்ற டிராக்கிங் பதிவுகளையும் பார்க்க அனுமதி கேளுங்கள். விலை, வாங்குபவர் பெயர் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். ஏற்றிய தேதி, எங்கே கப்பல் மாறியது, போய்ச் சேர்ந்த தேதி, இந்த மூன்று மட்டும் போதும். 2023 டிசம்பருக்கு முன்னும் பின்னும் நாட்கள் எப்படி மாறின, நேரடியாகப் போன பெட்டிக்கும் மாறிப் போன பெட்டிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அட்டவணை போடுங்கள். பழைய மாவட்டத்தை 2019இல் மூன்றாகப் பிரித்துவிட்டதால் ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் வரும், புள்ளிவிவரம் எடுக்கும்போது அதைக் கவனியுங்கள். போகிற நாள் வெள்ளிக்கிழமை வேண்டாம். பல கம்பெனிகளுக்கு வார இறுதிக் கப்பலின் கட்-ஆஃப் அன்றுதான் இருக்கும், யாருக்கும் பேச நேரம் இருக்காது. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போங்கள்.